பங்கீட்டு விதி தோற்றால் உண்மையும் தோற்குமா?

இம்முறை நான் எடுத்துக்கொள்வது, இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு வாசகியின் நீண்ட கடிதம். ஒளித்துகள்களான ஃபோட்டான்களுக்கு இடையிலான குவாண்டம் பின்னல், அதாவது பிரிந்து நின்றாலும் தனித்தனியே விவரிக்க முடியாத பிணைப்பு, பற்றிய கணக்கீடுகளே அவருடைய ஆய்வு. கடந்த ஆண்டு, அமெரிக்க மெய்யியலாளர் ஹிலரி புட்னம் 1960-களின் இறுதியில் வெளியிட்ட, தர்க்கமும் அனுபவத்தால் திருத்தப்படக் கூடியதே என்று வாதிடும் கட்டுரை அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வந்துவிட்டதாக எழுதுகிறார். ஐன்ஸ்டைன் யூக்ளிடின் வடிவியலைப் பின்னுக்குத் தள்ளியதைப் போலக் குவாண்டம் இயற்பியல் பழைய தர்க்கத்தைத் தள்ளிவிட்டது என்பது முதலாவது. எலக்ட்ரானின் ஸ்பின் (காந்தப்புலத்தில் மேல் அல்லது கீழ் என்று அளக்கப்படும் ஒரு பண்பு) ஒரே நேரத்தில் மேலாகவும் கீழாகவும் இருப்பதால் ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்தே உண்மையாகலாம் என்பது இரண்டாவது. ஆகவே உண்மை என்பது பார்ப்பவரைப் பொறுத்தது, எந்தக் கூற்றும் ஒரு வகையிலேயே செல்லும் என்னும் சமணரின் சியாத்வாதம் சொன்னதும் இதுவே என்பது மூன்றாவது. ஆய்வுத் தலைப்பையே குவாண்டம் தர்க்கத்துக்கு மாற்றிக்கொள்ளவும், சியாத்வாதத்தை ஆய்வேட்டின் முதல் இயலாக வைக்கவும் விரும்புகிறார். "அது செத்துப்போன துறை" என்று நெறியாளர் மறுக்கிறார். வழக்கறிஞரான தம்பியோ, "தர்க்கமே பொய் என்றால், அதை நிறுவ நீ பயன்படுத்தும் வாதம் மட்டும் எப்படிச் செல்லும்?" என்று மடக்குகிறார். தர்க்கம் கவிழ்ந்ததா, உண்மை மிஞ்சுகிறதா, தலைப்பை மாற்றலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூன்று முடிவுகளில் முதலாவது, அறிஞர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டிய உண்மையான கேள்வி. இரண்டாவது கணிதப்படியே தவறு. மூன்றாவது அந்தத் தவறிலிருந்து முளைத்தது. எனவே இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

எது தோற்றது, எது தோற்கவில்லை

குவாண்டம் தர்க்கம் என்ற பெயரில் நாம் இன்று பேசுவதன் மூலம், கணிதவியலாளர்கள் கேரட் பிர்க்காஃபும் ஜான் வான் நாய்மனும் 1936-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை. ஒரு துகளைப் பற்றி ஆம் அல்லது இல்லை என்று சோதித்துச் சொல்லக்கூடிய ஒவ்வொரு கூற்றையும் துகளின் நிலைகளைத் திசைகளாகக் குறிக்கும் கணித வெளியான ஹில்பர்ட் வெளியின் ஒரு மூடிய உள்வெளியாக அவர்கள் கொண்டார்கள். 'மற்றும்' என்பதற்கு இரண்டு உள்வெளிகளின் வெட்டையும், 'அல்லது' என்பதற்கு இரண்டையும் உள்ளடக்கும் மிகச்சிறிய உள்வெளியையும், மறுப்புக்கு அந்த உள்வெளிக்குச் செங்கோணத்தில் நிற்கும் வெளியையும் எடுத்துக்கொண்டபோது, நாம் பள்ளியில் மெய் அட்டவணை போட்டுச் சரிபார்த்த விதிகளில் ஒன்று மட்டும் நிற்கவில்லை. அதுதான் பங்கீட்டு விதி: 'அ மற்றும் (ஆ அல்லது இ)' என்பதை '(அ மற்றும் ஆ) அல்லது (அ மற்றும் இ)' என்று பங்கிட்டு எழுதலாம் என்பது.

ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள். தாளின் நடுவே ஆதிப்புள்ளி; அதன் வழியே செல்லும் கிடைக்கோடு 'செங்குத்துத் திசையில் ஸ்பின் மேல்', நிமிர்கோடு 'செங்குத்துத் திசையில் ஸ்பின் கீழ்'. ஆய்வகத்தில் எதிரெதிராக இருக்கும் மேலும் கீழும் ஹில்பர்ட் வெளியில் செங்கோணத்தில் நிற்கின்றன என்பது உங்களுக்குப் பழகிய செய்தி. இப்போது 45 பாகையில் ஒரு சாய்வுக்கோடு: அது 'பக்கவாட்டுத் திசையில் ஸ்பின் வலம்'. ஸ்டெர்னும் கெர்லாக்கும் 1922-இல் செய்த சோதனையின் வகையில், ஒரு வெள்ளி அணுவைப் பக்கவாட்டுக் காந்தப்புலத்தின் வழியே செலுத்தி, வலப்பக்கம் விலகியதை மட்டும் பிடித்து வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். அந்த அணுவுக்குச் சாய்வுக்கோட்டுக் கூற்று உறுதி. 'மேல் அல்லது கீழ்' என்பது கிடைக்கோட்டையும் நிமிர்கோட்டையும் உள்ளடக்கும் மிகச்சிறிய வெளி, அதாவது முழுத்தாள். ஆகவே அதுவும் உறுதி. 'வலம், மற்றும் (மேல் அல்லது கீழ்)' என்பது சாய்வுக்கோடாகவே நிற்கிறது. ஆனால் பங்கிட்டு எழுதிய '(வலம் மற்றும் மேல்) அல்லது (வலம் மற்றும் கீழ்)' என்பதில், ஒவ்வொரு அடைப்பிலும் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் வெறும் ஆதிப்புள்ளி. அதற்குப் பொருள் 'ஒருபோதும் நிகழாது'. ஒரு பக்கம் உறுதி, மறுபக்கம் இயலாமை. பங்கீட்டு விதி தோற்ற இடம் இதுதான்.

அதே தாளில் மேல் என்பதையும் அதன் மறுப்பையும் வெட்டிப் பாருங்கள்: ஆதிப்புள்ளிதான் கிடைக்கிறது. ஆகவே ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து உண்மையாவதைக் குவாண்டம் தர்க்கம் பழைய தர்க்கத்தைப் போலவே தடுக்கிறது. 'மேல் அல்லது மேல் இல்லை' என்பது முழுத்தாள். ஒரு கூற்று அல்லது அதன் மறுப்பு என்பது எப்போதும் செல்லும் என்னும் நடு விலக்கு விதியும் அசையவில்லை. பிர்க்காஃபும் வான் நாய்மனும் இதைத் தெரிந்தே எழுதினார்கள். தர்க்கவியலாளர்கள் வழக்கமாக மறுப்பைப் பற்றிய விதிகளையே ஐயுறுகிறார்கள், இயற்பியலோ பங்கீட்டு விதியைத்தான் வலுவற்ற கண்ணியாகக் காட்டுகிறது என்பது அவர்கள் தரும் குறிப்பு. நீங்கள் பலியிட்டிருப்பது தவறான ஆட்டை.

'மேலாகவும் கீழாகவும் ஒரே நேரத்தில்' என்ற வாக்கியம் மக்கள் அறிவியல் நூல்களுக்கு வசதியானது. ஆய்வேட்டில் அதை எழுதாதீர்கள். வலம் என்னும் நிலையில் இருக்கும் அணு முரண்பாட்டில் தவிக்கவில்லை. பக்கவாட்டில் கேட்டால் நூற்றுக்கு நூறு ஒரே விடையைத் தரும் நிலை அது. செங்குத்தாகக் கேட்டால் பாதிக்குப் பாதி மேல், பாதிக்குப் பாதி கீழ்; அவ்வளவே. அங்கே 'மேல்' என்பது உண்மை என்று சொல்ல முடியாது. 'மேல்' என்பதன் மறுப்பு உண்மை என்றும் சொல்ல முடியாது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை உங்கள் தம்பியிடமே கேளுங்கள். குற்றம் நிறுவப்படவில்லை என்பதும், குற்றமின்மை நிறுவப்பட்டது என்பதும் நீதிமன்றத்தில் ஒரே தீர்ப்பு அல்ல.

உண்மை எங்கே நிற்கிறது

இனிக் கடினமான பகுதி. 'மேல் அல்லது கீழ்' உண்மை. ஆனால் 'மேல்' உண்மை இல்லை, 'கீழ்' உண்மை இல்லை. இதைக் கண்டு உண்மையே குலைந்துவிட்டதாக நீங்கள் அஞ்சுகிறீர்கள். இப்படிப்பட்ட நிலை குவாண்டம் இயற்பியலோடு பிறந்ததல்ல. 'நாளை கடற்போர் நடக்கும் அல்லது நடக்காது' என்பது இன்றே உண்மை, ஆனால் அதன் இரு பகுதிகளில் எதுவும் இன்று உறுதியில்லை என்ற சிக்கலை அரிஸ்டாட்டிலே எழுப்பியிருக்கிறார். வேறுபாடு என்னவென்றால், கடற்போரின் விஷயத்தில் எதிர்காலம் இரண்டில் எந்த வழியில் சென்றாலும் பங்கீட்டு விதி தாங்கும். குவாண்டத்தில் அது தாங்குவதில்லை. உங்கள் ஆய்வு ஆர்வம் குடியிருக்க வேண்டிய இடம் அந்த வேறுபாடு.

'உண்மை' என்று சொல்லும்போது நீங்கள் இரண்டில் எதைக் கருதுகிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். துகளின் நிலை ஒரு கூற்றுக்கு நிகழ்தகவு 1 தருகிறது என்பதையே உண்மை என்று கொண்டால், மேலே சொன்னதில் வியப்பொன்றும் இல்லை. 'உறுதி' என்ற சொல்லுக்குப் பதில் 'உண்மை' என்று எழுதியிருக்கிறோம். ஓர் 'அல்லது' கூற்று உறுதியாக இருக்க அதன் பகுதிகள் உறுதியாக இருக்க வேண்டியதில்லை. கணிதவியலாளர் ஜார்ஜ் மேக்கியும், ஜெனீவாவில் இயற்பியலாளர்கள் யௌஹும் பிரோனும் வளர்த்த மரபு பெரும்பாலும் இந்தப் பக்கம் நிற்கிறது. அவர்களுக்கு இந்த அமைப்பு, ஆம்–இல்லை சோதனைகளின் இயற்கணிதம். உண்மையின் இலக்கணத்தை மாற்றும் நோக்கம் அதற்கு இல்லை. இந்த மரபுக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற வி. எஸ். வரதராஜன் 1968-இல் தொடங்கி எழுதிய குவாண்டம் கோட்பாட்டின் வடிவியல் பற்றிய நூல் இன்றும் நல்ல நுழைவாயில். கணிதம் கனமானது, ஆனால் உங்களால் முடியும்.

மாறாக, நாம் சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் பொருள்கள் எப்படி இருக்கின்றனவோ அதற்கு இசைவதே உண்மை என்று கொண்டால், நீங்கள் புட்னத்தின் பக்கம் வந்துவிட்டீர்கள். அவர் விரும்பியது இதைத்தான்: துகளுக்கு எப்போதும் ஓர் இடமும் உண்டு, ஓர் உந்தமும் உண்டு, அளவீடு ஏற்கெனவே உள்ளதை வெளிப்படுத்துகிறது, பங்கீட்டு விதியை மட்டும் விட்டுவிட்டால் எல்லாப் புதிர்களும் அவிழும். உண்மையைக் காப்பாற்றத்தான் அவர் தர்க்கத்தை மாற்ற முன்வந்தார் என்பதைக் கவனியுங்கள். உண்மை பார்ப்பவரைப் பொறுத்தது என்று சொல்ல அவரைத் துணைக்கு அழைப்பது அவருக்கே நேர்மாறானது.

அவருடைய திட்டம் நிறைவேறவில்லை. ஆங்கிலேய மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் 1976-இல் எழுப்பிய எதிர்ப்பு என் பார்வையில் மிக வலுவானது. பொருள்முகமாக, அதாவது நம் சோதனையைச் சாராததாக, உண்மையைப் பார்ப்பவருக்கு, 'அ அல்லது ஆ' உண்மையானால் அது அ உண்மையாக இருப்பதாலோ ஆ உண்மையாக இருப்பதாலோதான் உண்மையாகிறது. அதை ஏற்றுக்கொண்ட மறுகணமே பங்கீட்டு விதி தானாக வந்து சேர்கிறது. அதை மறுத்தால், காப்பாற்ற வந்த பொருள்முகப் பார்வையே கையைவிட்டுப் போகிறது. பிற்காலத்தில் புட்னமும் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். நீங்கள் படித்த கட்டுரையோடு நின்றுவிட்டதால் இது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

டம்மெட்டின் எதிர்ப்புக்கு முன்பே கணிதத்திலிருந்தும் ஓர் அடி விழுந்திருந்தது. எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே நிலையான விடைப்பட்டியல் இருக்க முடியாது என்று கணிதவியலாளர்கள் சைமன் கோச்செனும் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கரும் 1967-இல் 117 திசைகளைக் கொண்டு நிறுவியதை, கபெயோவும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் 1996-இல் ஒரு பக்கத்தில் அடங்குமாறு சுருக்கினார்கள். நான்கு பரிமாண ஹில்பர்ட் வெளியில் 18 திசைகள். அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு நான்காக 9 தொகுதிகளில் அடுக்க முடிகிறது. ஒவ்வொரு திசையும் சரியாக இரண்டு தொகுதிகளில் வருகிறது. ஒவ்வொரு திசையும் ஒரு ஆம்–இல்லைக் கேள்வி. ஒரு தொகுதியில் உள்ள நான்கில் ஒன்றுக்கு மட்டுமே 'ஆம்' வர வேண்டும். எல்லாக் கேள்விகளுக்கும் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது என்று கொண்டு தொகுதி தொகுதியாக 'ஆம்'களை எண்ணினால் மொத்தம் 9. திசை திசையாக எண்ணினால், ஒவ்வொரு 'ஆம்'மும் இரண்டு முறை எண்ணப்படுவதால், மொத்தம் இரட்டைப்படை எண். ஒன்பது இரட்டைப்படை ஆகாது. எனவே, எந்தத் தொகுதியோடு சேர்த்துக் கேட்கிறோம் என்பதைப் பொருட்படுத்தாத விடைப்பட்டியல் எதுவும் இருக்க முடியாது.

கடைசி வாக்கியத்தில் உள்ள நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். எந்தத் தொகுதியோடு கேட்கிறோம் என்ற சூழலைப் பொறுத்து மாறும் விடைகளை ஏற்றுக்கொண்டால் பழைய தர்க்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இயற்பியலாளர் டேவிட் போம் 1952-இல் முன்வைத்த கோட்பாடு அதைத்தான் செய்கிறது. ஹியூ எவரெட் 1957-இல் சொன்ன வழியும் தர்க்கத்தில் கை வைப்பதில்லை. இரண்டுக்கும் அவற்றுக்கே உரிய விலை உண்டு. முதலாவதில் தொலைவைத் தாண்டிய தாக்கம், இரண்டாவதில் கிளைபிரியும் உலகங்கள். ஆனால் அவை இருப்பதே, சோதனை முடிவுகள் நம்மைத் தர்க்கத்தை மாற்றக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்குப் போதுமானது. ஆகவே உங்கள் முதல் முடிவுக்கு என் விடை: சோதனைக்குரிய கூற்றுகளின் அமைப்பு பங்கீட்டு விதிக்கு அடங்காதது என்பது நிறுவப்பட்ட செய்தி, அந்த அமைப்பே உண்மையின் தர்க்கம் என்பது ஒரு விளக்கம், அதுவும் இன்று ஆதரவாளர்கள் குறைந்த விளக்கம்.

பார்ப்பவரைப் பற்றி ஒரு சொல். எந்தத் திசையில் கேட்பது என்பது ஆய்வாளரின் தேர்வு. கேட்டபின் வரும் விடை அவருடைய விருப்பத்துக்கு வளைவதில்லை. ஒரே முறையில் தயாரித்த அணுக்களை இரண்டு ஆய்வகங்கள் ஒரே திசையில் சோதித்தால் ஒரே விகிதங்களே கிடைக்கும். சியாத்வாதத்துக்கு வருகிறேன்: அதன் ஏழு கூற்றுகளில் ஒவ்வொன்றும் 'ஒரு வகையில்' என்ற அடையோடுதான் வருகிறது, அந்த அடையை நீக்கிவிட்டு முரண்பாட்டுக்கு அதைச் சாட்சியாக்குவது சமண ஆசிரியர்களுக்குச் செய்யும் அநீதி. ஆய்வேட்டின் முதல் இயலாக அதை வைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். தனிக் கட்டுரையாக, மூல நூல்களைப் படித்தபின் எழுதலாம்.

தம்பியின் வாதம்

உங்கள் தம்பி சொல்வதில் பாதி மிகச் சரி. வடிவியலை மாற்றும்போது பழையதையும் புதியதையும் எடைபோடத் தர்க்கம் நம் கையில் இருந்தது. தர்க்கத்தையே மாற்றும்போது எதைக் கொண்டு எடைபோடுவது? அமெரிக்கத் தர்க்கவியலாளர் சால் கிரிப்கி 1970-களில் தம் விரிவுரைகளில் புட்னத்தை நோக்கி எழுப்பிய கேள்வி ஏறத்தாழ இதுவே. மேலே நான் காட்டிய ஒன்பது–இரட்டைப்படை நிறுவலைத் திரும்பப் பாருங்கள்: 'எழுதப்பட்டிருந்தால்' என்று தொடங்கி முரண்பாட்டில் முடித்து மறுத்திருக்கிறேன். அதன் ஒவ்வோர் அடியும் பழைய தர்க்கம். பிர்க்காஃபும் வான் நாய்மனும் தங்கள் தேற்றங்களை நிறுவியதும் பங்கீட்டு விதி செல்லும் வழக்கமான கணிதத்தில்தான்.

மறுபாதியில் அவர் அவசரப்படுகிறார். ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கக்கூடிய கூற்றுகளுக்குள் குவாண்டம் தர்க்கமும் பங்கீட்டு விதிக்குக் கட்டுப்படுகிறது. தாளில் எழுதிய நிறுவலின் வரிகளும், எண்ணிய எண்களும் அப்படிப்பட்ட கூற்றுகளே என்று குவாண்டம் தர்க்கத்தின் ஆதரவாளர் பதில் சொல்லலாம். ஆகவே அவர் தம் காலைத் தாமே வெட்டிக்கொள்கிறார் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்பவர், எந்த இடத்தில் பழைய விதி செல்லும் என்பதை எந்தத் தர்க்கத்தைக் கொண்டு முடிவுசெய்கிறார் என்ற கேள்வி மீந்துதான் நிற்கிறது. இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

தலைப்பை மாற்றலாமா

உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. இப்போதைய ஆய்வை மாற்றமின்றி முடித்துவிட்டு, இந்த ஆர்வத்தைப் பட்டத்துக்குப் பின் தொடர்வது பாதுகாப்பானது. ஆனால் உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால், மனம் ஒட்டாமல் வேலை இழுத்துக்கொண்டே போகும் ஆபத்து உண்டு. முழுமையாகத் தர்க்கத்தின் மெய்யியலுக்கு மாறுவது இரண்டாவது. அதற்கு இயற்பியல் துறையில் நெறியாளர் கிடைப்பது அரிது. ஆய்வேட்டை மதிப்பிடும் தகுதியுள்ள தேர்வாளர்களைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சிரமம். துறை மாறினால் புதிதாகப் பதிவுசெய்ய நேரலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவரானால் மொத்தக் காலம் ஐந்தாண்டுகள் என்பதையும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் முனைவர் பட்டத்துக்கு, மறுபதிவு நீங்கலாக, ஆறாண்டு உச்சவரம்பு வைத்திருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி உங்கள் கண்முன்னே இருக்கிறது. கோச்சென்–ஸ்பெக்கர் தேற்றத்திலிருந்து பிறந்த சூழல்சார்பு (ஒரு கேள்வியின் விடை உடன் கேட்கும் கேள்விகளைப் பொறுத்திருப்பது) பற்றிய ஆய்வு இன்று உயிருள்ள இயற்பியல். ஒருவகைக் குவாண்டம் கணிப்பில், சாதாரணக் கணினியால் எட்ட முடியாத திறனுக்குச் சூழல்சார்பே தேவையான மூலப்பொருள் என்று 2014-இல் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவு வெளிவந்தது. முன்கூட்டியே எழுதப்பட்ட, தொலைவிலிருந்து பாதிக்கப்படாத விடைகள் தாண்ட முடியாத வரம்புகளான பெல் சமனின்மைகளைச் சோதித்த அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்ததை உங்கள் நெறியாளரும் அறிவார். பெல் சமனின்மை மீறப்படுவது தொலைவில் பிரிந்து நிற்கும் பகுதிகளில் தோன்றும் சூழல்சார்பு. நீங்கள் இரண்டாண்டுகளாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் பின்னலோ அதன் எரிபொருள். அதாவது உங்கள் தலைப்பிலிருந்து இந்தக் கேள்விக்கு உள்ள தூரம் ஓர் இயல் அளவுதான்.

நெறியாளர் 'செத்துப்போன துறை' என்று சொன்னது புட்னத்தின் திட்டத்தைப் பொறுத்தவரை ஏறக்குறையச் சரி, அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அதே நேரத்தில், ஆய்வின் போக்கைத் திருத்துவது அவர் ஒருவருடைய விருப்பு வெறுப்பு மட்டுமல்ல. ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் எழுத்தில் முன்மொழிவு வைக்க உங்களுக்கு இடம் உண்டு. அதற்கான படிவமும் கால வரம்பும் உங்கள் பல்கலைக்கழக விதிகளில் இருக்கும், ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் குழுவுக்குப் போகாதீர்கள். முதலில் அவரிடம் கொடுங்கள்.

கொடுக்கும் குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் அந்த 18 திசைகளின் அட்டவணையை உங்கள் கையாலேயே கணக்கிட்டு, ஒன்பது தொகுதிகளிலும் செங்குத்துத்தன்மையைச் சரிபார்த்து எழுதுங்கள்; இரண்டாம் பக்கத்தில், நீங்கள் ஏற்கெனவே கணக்கிட்டிருக்கும் பின்னல் நிலைகளில் எவற்றில் இத்தகைய சூழல்சார்பை அளக்கலாம், அதற்கு எந்த அளவீடுகள் வேண்டும் என்று சொல்லுங்கள். 'உண்மை', 'தர்க்கம்' என்ற சொற்கள் அந்தக் குறிப்பில் வர வேண்டியதில்லை. ஆய்வேட்டின் கடைசி இயலில் அவற்றுக்கு இடம் கேட்டால் போதும்.